வெங்கச்சாங்கல் முதல் ஸ்படிக மாலை வரை: படிக வகைகளை அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் நடந்து பாருங்கள். செம்மண் கரைந்து இறங்கியிருக்கும். கிளுவை வேலி ஓரத்தில், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே, வெள்ளை வெள்ளையாகக் கற்கள் கழுவிவிட்ட மாதிரி கிடக்கும். அதற்கு வெங்கச்சாங்கல் என்று பெயர். சின்ன வயதில் இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு நெல் மூட்டை அடுக்கிய இருட்டறைக்குள் போய் ஒன்றோடொன்று தேய்ப்போம். கல்லுக்குள்ளேயே மங்கலாக ஒரு வெளிச்சம் வந்து வந்து போகும், கருகல் வாசம் அடிக்கும். அப்பாரு வெளியிலிருந்து சத்தம் போடுவார்: "கண்ணுல தெறிச்சுப்போடும் கண்ணு, போட்டுட்டு வா."

அந்த வெங்கச்சாங்கல்தான் குவார்ட்ஸ். தமிழில் படிகம், ஸ்படிகம், பழைய பேச்சில் பளிங்கு. இன்றைக்குப் பளிங்கு என்றால் தரைக்குப் போடும் மார்பிள் என்று ஆகிவிட்டதால் இந்தக் கட்டுரையில் படிகம் என்றே எழுதுகிறேன். கடையில் பஞ்சு வைத்த டப்பாவில் 'ஹீலிங் கிரிஸ்டல்' என்று விற்பதும் காட்டில் காலில் இடறுவதும் ஒரே பொருள்தான்: சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கா. பாறையின் விரிசல்களில் சிலிக்கா கரைந்த சூடான நீர் புகுந்து, மெல்ல ஆறி, படிகமாகப் படிகிறது. ஆற நேரமும் வளர இடமும் கிடைத்தால் கண்ணாடி போன்ற ஆறுபட்டைக் கல். இரண்டும் கிடைக்காவிட்டால் வெள்ளைக் கட்டி.

நம் ஊருக்கு இது புதிய வியாபாரமும் இல்லை. நொய்யல் வடகரையில் இருக்கும் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் மணி செய்யும் பட்டறைகளே கிடைத்தன. முழுமையான மணிகள், பாதி துளையிட்டவை, வேலையின்போது உடைந்தவை, சில்லுகள் எல்லாம் கலந்து கிடந்தன. படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட், பெரில் (மரகதத்தின் இனம்), நீலம் எனப் பல கற்கள். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே உட்கார்ந்து மணிக்குத் துளை போட்டவர் எது படிகம், எது பெரில் என்று கையில் எடுத்ததுமே சொல்லியிருப்பார். நமக்குக் கொஞ்சம் சோதனை தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் என்ன என்பது ஒரு கேள்வி, அந்தக் கல் என்ன பலன் தரும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கையும் கண்ணும் தராசும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு நம்பிக்கைதான் பதில் சொல்லும். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விலை சொல்வார். நாம் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

படி 1: கையில் எடுத்துப் பாருங்கள்

கல்லைக் கன்னத்தில் வையுங்கள். படிகம் சில்லென்று இருக்கும். கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் தோலின் சூட்டை அது சட்டென்று உறிஞ்சுகிறது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோலியை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இரண்டும் ஒரே அறையில் ஒரு மணி நேரமாவது கிடந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

அடுத்து, உடைந்த இடத்தைப் பாருங்கள். படிகம் தட்டையாகப் பிளக்காது. தடித்த பாட்டில் உடைந்தால் சிப்பி மாதிரி வளைந்து வளைந்து ஒரு பரப்பு வருமே, அதே மாதிரி உடையும். நம் பக்கம் படிகத்தோடு ஒட்டிப் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி பெல்ட்ஸ்பார் கிடைக்கும். அதுவும் வெள்ளை, சில சமயம் இளஞ்சிவப்பு. ஆனால் உடைந்த இடம் படிக்கட்டு படிக்கட்டாகத் தட்டையாக இருக்கும், வெயிலில் திருப்பினால் அந்தத் தட்டுகள் ஒன்றாகப் பளிச்சிடும். இந்த ஒரு வேறுபாட்டைப் பழகிவிட்டாலே காட்டில் பொறுக்கும் கற்களில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பட்டை இருக்கும் கல் கிடைத்தால் யோகம். ஆறு பக்கம், மேலே கூம்பு. பக்கங்களில் நகத்தால் வருடினால் குறுக்குவாட்டில் மெல்லிய வரிகள் தட்டுப்படும். படிகத்தின் கையெழுத்து அது. பெரிலும் ஆறுபட்டைதான். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூர் பழங்காலத்திலிருந்தே பெரிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் இங்கே இந்தச் சந்தேகம் வந்தே தீரும். பெரிலில் வரி இருந்தால் நெடுக்குவாட்டில் ஓடும், தலை பெரும்பாலும் பலகை போலத் தட்டையாக முடியும். குறுக்கு வரியும் கூம்புத் தலையும் என்றால் படிகம்.

படி 2: கீறிப் பாருங்கள்

மோஸ் கடினத்தன்மை அளவில் படிகம் 7. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 5.5. ஆகவே படிகத்தின் முனை பழைய பாட்டிலைக் கீறும். கீறிய பிறகு ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். மென்மையான கல் தன் மாவையே கோடு மாதிரி ஒட்டவிட்டுப் போகும், துடைத்தால் அழிந்துவிடும். அழியாத பள்ளமாக இருந்தால்தான் கீறல்.

கண்ணாடியைக் கீறியதாலேயே படிகம் என்று முடிவு கட்டக்கூடாது. பெல்ட்ஸ்பாரும் கீறும், பெரிலும் கீறும். கீறவில்லை என்றால் படிகம் இல்லை என்பது மட்டும் உறுதி. அப்புறம், காசு கொடுத்து வாங்கிய மாலையிலோ மோதிரக் கல்லிலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

வெள்ளையாக இருக்கும் சுக்கான்கல், கால்சைட் போன்றவற்றை ஒதுக்க ஒரு சொட்டு வினிகர் போதும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு வகை. படிகத்தின் மேல் வினிகர் தண்ணீர் மாதிரி சும்மா நிற்கும்.

கல்லைச் சுத்தியலால் உடைப்பவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி உடையுங்கள். படிகத் தூசு நுரையீரலில் தங்கினால் திரும்ப எடுக்க முடியாது. கல் உடைப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் அதனால் வருவதுதான்.

படி 3: சமையலறைத் தராசு

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. படிகத்தின் ஒப்படர்த்தி 2.65. அதாவது அதே கன அளவுத் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். தெள்ளத்தெளிவான படிகத்தில் இந்த எண் அநேகமாக மாறவே மாறாது.

டிஜிட்டல் தராசில் கல்லை எடை போடுங்கள். 53 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு பாதித் தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். நூலை நீங்கள் கையில் பிடித்திருந்தாலும் தராசு ஒரு எண்ணைக் காட்டும், அதுதான் கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. அது 20 கிராம் என்றால் 53-ஐ 20-ஆல் வகுங்கள். 2.65. படிகம்.

சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கத்தில் நிற்கும். ஈயம் கலந்த பளபளப்புக் கண்ணாடி 3-ஐத் தாண்டிவிடும். பிளாஸ்டிக், ரெசின் வகைகள் 1.2 சுற்றில் வரும். புஷ்பராகம் என்று சொல்லி விற்கும் டோபாஸ் 3.5. ஆனால் கால்சைட் 2.71, பெரில் 2.7 பக்கம், ஆகவே அவற்றை முந்தைய படிகளில் ஒதுக்கிவிட்டு இங்கே வாருங்கள். 20 கிராமுக்குக் குறைந்த கல்லுக்கு வீட்டுத் தராசு பொய் சொல்லும். கிராமுக்குக் கீழே இரண்டு புள்ளி காட்டும் தராசு வேண்டும்.

படி 4: ஸ்படிக மாலைக்கு இருட்டுத் திரை

சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழாக் கடையில் அம்மாவுக்கு ஸ்படிக மாலை வாங்கினேன். 108 மணி, 2,000 ரூபாய். கடைக்காரர் இரண்டு மணிகளை உரசிப் பொறி வருவதாகக் காட்டினார், பேப்பரில் எழுதிய சான்றிதழும் கொடுத்தார். பகல் வெளிச்சத்தில் பொறி எங்கே தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அப்போது தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஏழெட்டு மணிகளில் உருண்டையான காற்றுக் குமிழிகள். இயற்கைப் படிகத்துக்குள் மேகம் மாதிரி மங்கல், விரிசல், வானவில் சில்லு எல்லாம் இருக்கும். சோடா பாட்டில் மாதிரி வட்டக் குமிழி இருந்தால் கண்ணாடி. அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அட, அப்ப அந்த ரெண்டாயிரத்த யாருகிட்டப் போய்க் கேக்கறதாம்?" என்றார். கடை பிரித்துப் போய் ஒரு வாரமாகியிருந்தது.

குமிழியே இல்லாத நல்ல கண்ணாடியும் உண்டு. அதற்கு இந்தச் சோதனை. மடிக்கணினியின் எல்.சி.டி. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றை அதன் முன்னால் பிடித்து, திரை கறுப்பாகும் வரை சுற்றுங்கள். இப்போது மாலையைத் திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவே பிடித்து மணிகளை மெல்ல உருட்டுங்கள். கண்ணாடி மணி இருட்டாகவே இருக்கும், அல்லது அழுக்கு நிழல் மாதிரி கொஞ்சம் அசையும். படிக மணி பளிச்சென்று வெளுக்கும், சில திசையில் வானவில் வளையம்கூடக் காட்டும். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் குணம் படிகத்துக்கு உண்டு, கண்ணாடிக்கு இல்லை. ஒரு மணி ஒரு திசையில் இருட்டாக இருந்தால் அவசரப்படாமல் திருப்பிப் பாருங்கள், படிகத்துக்கும் அப்படி ஒரு அச்சு இருக்கிறது.

நல்ல கடையில் இந்தச் சோதனையைச் செய்ய அனுமதிப்பார்கள். முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

படி 5: வகைகளும் அவற்றுக்குச் சொல்லப்படும் பொருளும்

தெளிந்த படிகம். நிறமே இல்லாதது. நம் மரபில் இதற்குத் தனி இடம். சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் அபிஷேகம் நடக்கிறது. ராமேசுவரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஜனம் வரிசை கட்டி நிற்கிறது. எந்த நிறத்தின் பக்கத்தில் வைத்தாலும் அந்த நிறத்தை வாங்கிக் காட்டி, தான் எதையும் ஒட்டிக்கொள்ளாமல் நிற்பதால், களங்கமில்லாத மனதுக்குப் படிகத்தை உவமை சொல்வது தத்துவ நூல்களில் பழைய வழக்கம். ஜபமாலையாக உருட்டுகிறார்கள், வைரம் வாங்க முடியாதவர்களுக்குச் சுக்கிரனுக்கான மாற்றுக் கல்லாகச் சில ஜோதிடர்கள் சொல்கிறார்கள். உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. போட்டதும் சில்லென்று இருப்பது உண்மைதான், முதல் படியில் கன்னத்தில் வைத்துப் பார்த்த அதே குணம். பத்து நிமிடத்தில் மணியும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.

மேற்கத்திய கிரிஸ்டல் மரபு இதை எண்ணத்தைப் பெருக்கும் கல் என்கிறது. அதற்கு ஆதாரமாகக் கைக்கடிகாரத்தை இழுப்பார்கள். 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டது, சில வகைக் கிரிஸ்டல்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பது. படிகம் அவற்றில் ஒன்று. கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு படிகத் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அதனால்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதை அதிர வைப்பது பேட்டரி. மேசை மேல் சும்மா இருக்கும் கல் எதையும் அனுப்புவதில்லை. தியானத்துக்குக் கண் நிலைக்க ஒரு பொருள் வேண்டும் என்றால் படிகம் அழகான பொருள். அதற்குக் கடிகாரத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

செவ்வந்திக்கல். அமெதிஸ்ட். ஊதா நிறம், படிகத்துக்குள் இருக்கும் துளி இரும்பாலும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சாலும் வருவது. கிரேக்கச் சொல்லுக்கு 'போதையில்லாத' என்று பொருள். இந்தக் கல் இருந்தால் மது தலைக்கேறாது என்று அவர்கள் நம்பினார்கள். இன்றைய நம்பிக்கைப்படி மன அமைதிக்கும் நல்ல தூக்கத்துக்கும் உரியது, சக்கரங்களில் உச்சந்தலையின் சகஸ்ராரத்துக்கு. ஜோதிடத்தில் நீலத்துக்கு மாற்று, சனிக்கு உரியது. அடையாளம்: நிறம் ஒரே சீராக இருக்காது, உள்ளே கோணல் கோணலாகப் பட்டை பட்டையாக ஏறி இறங்கும். பால்பாயின்ட் மை மாதிரி ஒரே சீரான ஊதா என்றால் கண்ணாடியோ, ஆய்வகத்தில் வளர்த்ததோ என்று சந்தேகப்படுங்கள்.

சிட்ரின், மஞ்சள் படிகம். பெரும்பாலான ஏமாற்று நடப்பது இங்கேதான். இயற்கையான சிட்ரின் அபூர்வம், வெளிர் தேன் நிறம். கடையில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி செவ்வந்திக்கல்லை 400, 500 டிகிரி சூட்டில் வேகவைத்து மஞ்சளாக்கியது. அடியில் வெள்ளையாகவும் நுனியில் மட்டும் கருகின ஆரஞ்சாகவும் இருந்தால் அது சுட்டதுதான். சுட்டதும் படிகமே, பொய்க்கல் இல்லை. ஆனால் அபூர்வக் கல்லின் விலையைக் கொடுக்காதீர்கள். புஷ்பராகம் என்றும் இதைத் தள்ளிவிடுவார்கள், மூன்றாவது படித் தராசு அதைக் காட்டிக்கொடுக்கும். வியாபாரிகளின் கல் என்று இதற்கு ஒரு பேர், கல்லாப்பெட்டியில் போட்டு வைத்தால் காசு தங்கும் என்பது நம்பிக்கை. திருப்பூர், ஈரோடு பக்கம் கிரிஸ்டல் விற்கிறவர்கள் முதலில் நீட்டுவது இதைத்தான், யாரிடம் விற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ரோஸ் குவார்ட்ஸ். பால் கலந்த இளஞ்சிவப்பு. பட்டை பிடித்துக் கிடைப்பது மிக அரிது, பெரும்பாலும் கட்டிதான். உள்ளே இருக்கும் மிக நுண்ணிய நார்களால் எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். கண்ணாடி மாதிரி தெளிவாக, இளஞ்சிவப்புச் சுழிகளோடு 'செர்ரி குவார்ட்ஸ்' என்று வருவது கண்ணாடி. அன்பு, உறவு, மனக்காயம் ஆறுதல் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள், இதயச் சக்கரத்துக்கு உரியது.

புகைப் படிகம். டீ டிகாஷன் நிறம். துளி அலுமினியமும் இயற்கைக் கதிர்வீச்சும் காரணம். கதிர்வீச்சு என்றதும் பயப்பட வேண்டாம், கல்லிலிருந்து எதுவும் வருவதில்லை. கண் திருஷ்டிக்கும், தரையில் காலூன்றி நிற்கும் நிதானத்துக்கும் என்பார்கள். ஒளியே நுழையாத கரிக்கறுப்பு என்றால் செயற்கையாகக் கதிர் பாய்ச்சியதாக இருக்கலாம்.

சூதுபவளம், அகேட். இவை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்படிகங்கள் நெருங்கிப் பிணைந்தவை, ஆகவே பட்டை இருக்காது. ஒப்படர்த்தி கொஞ்சம் இறங்கி 2.6 பக்கம் வரும். கொடுமணல் பட்டறைக்குச் சூதுபவளமும் அகேட்டும் குஜராத், மகாராஷ்டிரம் பக்கமிருந்து வந்திருக்கும் என்கிறார்கள், அதாவது கல் வியாபாரம் அன்றைக்கே அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. சூதுபவளம் துணிவுக்கு, அகேட் நிலைத்த மனதுக்கு. நீலமும் ரோஜாவும் அடித்துக்கொண்டு மின்னும் அகேட் சாயம் ஏற்றியது. துளை ஓரத்திலும் விரிசலிலும் நிறம் தேங்கி நிற்கும்.

புலிக்கண் கல் பழுப்பும் பொன்னும் கலந்தது, திருப்பினால் பட்டு மாதிரி ஒரு ஒளிக்கோடு ஓடும். தைரியத்துக்கும் திருஷ்டிக்கும். இதையோ பூனைக்கண் கண்ணாடியையோ வைடூரியம் என்று விற்பார்கள். கண்ணாடியானால் பக்கவாட்டில் லென்ஸ் வைத்தால் தேன்கூடு மாதிரி அறைகள் தெரியும்.

அவெஞ்சுரின் பச்சை, அதிர்ஷ்டத்துக்கு. மினுக்குப் பொடி தூவியது போல ஒரே சீராக மின்னும் 'கோல்ட்ஸ்டோன்' முழுக்க மனிதர் செய்த கண்ணாடி. ஓபலைட்டும் அப்படியே.

படி 6: வடிவத்துக்குக் கேட்கும் காசு

டவர், பிரமிடு, உருண்டை என்று வடிவத்துக்கு ஒரு விலையும் ஒரு பலனும் சொல்வார்கள். கூர்முனைக் கல் சக்தியை ஒரு திசையில் செலுத்தும், இருமுனைக் கல் இரண்டு பக்கமும் செலுத்தும் என்று. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் 'பூமியில் இப்படியே விளைந்தது' என்று சொன்னால் சரிபார்க்கலாம். இயற்கைப் படிகத்தில் ஆறு முகங்கள் ஒரே அளவாக இருப்பது அரிது. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், கூம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆனால் பக்க முகங்களுக்கு இடையிலான கோணம் மட்டும் எப்போதும் 120 டிகிரி. முகத்தின் அளவு மாறினாலும் கோணம் மாறுவதில்லை என்பதை டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669-லேயே எழுதிவிட்டார். ஆறு முகமும் அச்சில் வார்த்தது போலச் சமமாக, குறுக்கு வரியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பட்டறையில் தீட்டியது. தீட்டியதை வாங்குவது தவறில்லை, தீட்டியதற்கான விலையைக் கொடுங்கள்.

படி 7: சுத்தமும் சடங்கும்

வாங்கிய கல்லைச் சுத்தி செய்வது என்று ஒரு வழக்கம்: உப்புத் தண்ணீர், பௌர்ணமி நிலா, சாம்பிராணிப் புகை. நிலாவும் புகையும் கல்லை ஒன்றும் செய்யாது, தாராளமாகச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் படிகத்தைப் பாதிக்காது, ஆனால் வெள்ளிக் கம்பியையும் கோர்த்த நூலையும் பாழாக்கும். வெயிலில் வைக்கச் சொன்னால் செவ்வந்திக்கல்லை வைக்காதீர்கள். எங்கள் வீட்டு ஜன்னலில் இரண்டு கோடை நின்ற செவ்வந்திக்கல் இப்போது பழைய துணி நிறத்தில் இருக்கிறது.

கல்லை ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. வெறும் படிகம் தண்ணீரில் கரையாது. ஆனால் சாயமேற்றியதும், மேலே உலோகப் பூச்சு போட்டதும், படிகம் என்ற பெயரில் வந்த வேறு கல்லும் கலந்திருக்கலாம், ஆகவே வேண்டாம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு மாலை போட்டுக்கொள்ளச் சொல்பவர் வீட்டுக்கு வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காட்டில் பொறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தக் காட்டில் மேலே கிடக்கும் கூழாங்கல்லை எடுப்பதோடு நிறுத்துங்கள், குழி தோண்டாதீர்கள். கொடுமணல் மாதிரியான இடங்களில் துளையிட்ட மணியோ ஓடோ கண்ணில் பட்டால் தொடாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடத்தைவிட்டு நகர்ந்த மணி பாதிச் செய்தியை இழந்துவிடும்.

எடுத்த கல்லுக்கு அன்றைக்கே சீட்டு எழுதுங்கள்: எந்தக் காடு, என்ன தேதி, என்ன எடை, என்ன ஒப்படர்த்தி. என் மகள் முட்டை அட்டையில் வைத்திருக்கிறாள். முப்பது குழியில் பதினொன்று நிரம்பியிருக்கிறது. ஒன்பது வெங்கச்சாங்கல், ஒரு பெல்ட்ஸ்பார். பதினொன்றாவது கறுஞ்சிவப்பு, சுண்டு விரல் நுனி அளவு, பாட்டிலைக் கீறுகிறது, தண்ணீரில் தொங்கவிட்டால் 4 பக்கம் வருகிறது. படிகம் இல்லை. சீட்டில் பென்சிலால் 'கார்னெட்?' என்று எழுதி வைத்திருக்கிறாள்.